பசளைத் தடை: "இயற்கையா, இரசாயனமா" சண்டையில் காணாமல் போன கேள்விகள்

கமக்காரன் மகன் (கிளிநொச்சி) எழுதியது:

இலங்கையின் இரசாயனப் பசளை, அதாவது உரத் தடையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு அணிதான் மிஞ்சுகிறது. "இயற்கை விவசாயத்தை நம்பினால் பட்டினிதான்" என்று ஒரு அணி. "திட்டம் நல்லது, இறக்குமதி மாபியா கெடுத்துவிட்டது" என்று மறு அணி. 2021இல் தொடங்கிய சண்டை இன்னும் இந்த இரண்டு வசனத்தைத் தாண்டவில்லை. நெல் விதைக்கிற வீட்டிலிருந்து வருகிறவன் நான். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் 'சுபீட்சத்தின் நோக்கு' விஞ்ஞாபனம், பத்து ஆண்டுகளில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்றது. 2021 ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்தது, மே 6ஆம் திகதி வர்த்தமானி (அரசிதழ்) வந்தது. யூரியா, களைகொல்லி, பூச்சிகொல்லி எல்லாவற்றின் இறக்குமதியும் நின்றது. பத்து ஆண்டில் வர வேண்டியது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. நவம்பர் 24 அன்று தடையை முழுதாக விலக்கியபோது பெரும்போகத்தை (மழைக்கால நெற்பருவத்தை) எப்போதோ தொடங்கிவிட்டோம். அந்தப் போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் ஏறத்தாழ 40 விழுக்காடு விழுந்தது. எங்கள் வயலில் பாதிக்கும் கீழே.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 2021 ஜூலையில் வெரிட்டே ரிசர்ச் நிறுவனம் விவசாயிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. இயற்கை விவசாயத்துக்கு மாறுவதை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டதற்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். அப்படி ஆம் என்றவர்களிலேயே ஐந்தில் நான்கு பேர், மாறுவதற்கு ஒரு ஆண்டுக்கு மேல் வேண்டும் என்றார்கள். அதாவது நாட்டின் விவசாயிகளில் பாதிப்பேர் "சரி, மாறுவோம், ஆனால் அவகாசம் தாருங்கள்" என்ற இடத்தில் நின்றிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று பேசிய ஒருவரையும் தொலைக்காட்சி விவாதங்களில் நான் பார்க்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒன்றில் ஆதரவு, அல்லது எதிர்ப்பு.

தடை வந்த பிறகு எங்கள் பக்கத்தில் விவசாயிகளுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். கூட்டெரு செய்வது எப்படி என்று விளக்கினார்கள், துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். அப்பா எழுந்து, "ஏக்கருக்கு எத்தனை தொன் போட வேணும்? அவ்வளவு எரு இந்தப் பக்கம் எங்கே கிடக்குது?" என்று கேட்டார். முன்னுக்கு இருந்தவர் சொன்ன பதில்: "ஐயா, இது அரசியல் கதைக்கிற இடம் இல்லை."

எத்தனை தொன் என்று கேட்டதே அரசியலாகிவிட்டது. ஒரு கொள்கை வந்து குந்தியதும் அளவு, காலம், செலவு என்ற சாதாரணக் கேள்விகள்கூட எதிரியின் கேள்விகளாகத் தெரிகின்றன. இதைப் பற்றித்தான் கதைக்க விரும்புகிறேன்.

நேர்கோடு (கொழும்பு) எழுதியது:

உங்கள் அப்பா கேட்டதற்கு விடை இருக்கிறது. 50 கிலோ யூரியா மூடையில் 46 விழுக்காடு நைதரசன், அதாவது 23 கிலோ. நன்றாகச் செய்த கூட்டெருவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு. ஒன்றரை என்று வைத்தாலும் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடாக ஒன்றரைத் தொன் எரு வேண்டும். அதுவும் உடனே பயிருக்குக் கிடைக்காது, மண்ணில் மெதுவாகத்தான் விடும். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒரு மூடைக்கு மேல் யூரியா போகிறது. நாட்டின் வயல் முழுவதற்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு எருவைச் செய்ய மாடும் இல்லை, ஏற்றி இறக்க லொறியும் இல்லை.

இந்தக் கணக்கை யாரும் சொல்லாமல் இல்லை. இலங்கை விவசாயப் பொருளியல் சங்கம், நெல் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று முன்கூட்டியே எச்சரித்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வெளிப்படையாக விமர்சித்தார். விவசாய அமைச்சோடு தொடர்புள்ள பொறுப்புகளிலிருந்து அவரை நீக்கினார்கள். அதே நேரத்தில் ஜனாதிபதி கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்குப் போய், இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறோம் என்று பெருமையாகப் பேசிவிட்டு வந்தார்.

என் முடிவு எளிது. கொள்கை பேசுகிறவர்களை இப்படியான விஷயங்களிலிருந்து தள்ளி வையுங்கள். மண் தெரிந்தவர், பயிர் தெரிந்தவர், கணக்கு தெரிந்தவர் முடிவெடுக்கட்டும். பொது விவாதத்துக்கு இதில் என்ன வேலை?

தாளடி (தஞ்சாவூர்) எழுதியது:

//கொள்கை பேசுகிறவர்களை இப்படியான விஷயங்களிலிருந்து தள்ளி வையுங்கள்//

இந்த வரியை என்னால் ஏற்க முடியாது. கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது. அப்போதும் பயிர் தெரிந்தவர்கள் இருந்தார்கள், கணக்கு தெரிந்தவர்கள் இருந்தார்கள். அது பாதுகாப்பானது என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். ஊனத்தோடு பிறந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற தாய்மாரும், "விஷம் வேண்டாம்" என்று கத்தியவர்களும் இல்லையென்றால் அது பிரச்சினை என்றே கணக்கில் வந்திருக்காது. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதற்குப் பின்னால் இருந்தது அந்தக் கத்தல்தான். எதைப் பிரச்சினை என்று எண்ணுவது என்பதையே கொள்கைதான் காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் நிபுணருக்கு வேலை.

இன்னொன்று. இலங்கையில் 2005இலிருந்து 50 கிலோ உர மூட்டையை 350 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதுவும் ஓட்டுக்கான முடிவுதான். மூட்டை அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் விவசாயி அளந்தா போடுவார்? அப்போது இந்த நிபுணர்களின் குரல் ஏன் இவ்வளவு உயரவில்லை?

நான் ஐந்து ஏக்கரில் இயற்கை முறையில் சாகுபடி செய்கிறேன். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு மாறியவன். அவர் ஊர் ஊராக நடந்துபோய் விவசாயிகளிடம் பேசினார். யாருடைய மூட்டையையும் பிடுங்கவில்லை. சிக்கிம் 2003இல் முடிவெடுத்து, 2016இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. இடையில் 13 ஆண்டுகள். அதுவும் ஒரு கொள்கைதான். அதனால் இலங்கைக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு "இயற்கை விவசாயம் தோற்றது" என்று உலகம் முழுக்க எழுதுகிறார்களே, அதையும் ஒரு அணியின் கோஷமாகத்தான் பார்க்கிறேன்.

கொழுந்துக்கூடை (நுவரெலியா) எழுதியது:

எல்லோரும் நெல்லையே பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

2021இல்தான் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று ஆனது. எத்தனை ஆண்டுப் போராட்டம் அது. சம்பளம் ஏறியதும் பல தோட்டங்களில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோவையும் ஏற்றினார்கள். அந்த நேரம் பார்த்துப் பசளை நின்றது. களைகொல்லியும் இல்லாததால் மலையில் புல் மண்டியது. பசளை போடாத தேயிலை அடுத்த நாளே சாகாது. கொழுந்து விடுவது மெல்லக் குறையும். முன்பு ஒரு சுற்றில் கூடை நிறைந்த மலையில், அம்மா இரண்டு சுற்று போனாலும் நிறை வரவில்லை. சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். 1,000 ரூபாய் என்று செய்தியில் சொன்னார்கள், கையில் 500தான் வந்தது.

2022இல் நாட்டின் தேயிலை உற்பத்தி சுமார் 25 கோடி கிலோ. அதற்கு முந்தைய ஆண்டு ஏறத்தாழ 30 கோடி. அந்த ஐந்து கோடி கிலோ யாருடைய அரைப்பேராகப் போனது என்று எந்த விவாதத்திலாவது கேட்டார்களா? இயற்கை ஆதரவாளர் மண்ணின் ஆரோக்கியத்தைப் பேசினார், எதிர்ப்பவர் ஏற்றுமதி வருமானத்தைப் பேசினார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர் இரண்டு பேச்சிலும் இல்லை.

கடைசியில் நெல் விவசாயிகளுக்கு 4,000 கோடி ரூபாய் நட்டஈடு என்று 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். நல்லது, அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும். அரைப்பேர் விழுந்தவளுக்கு நட்டஈடு என்ற சொல்லே வரவில்லை. தாளடி அண்ணா சொல்வதுதான் இங்கே பொருந்துகிறது: தொழிலாளியும் மனுஷி என்று நினைக்கிற ஒரு கொள்கை உள்ளே இருந்திருந்தால், அந்தக் கணக்கிலும் ஒரு வரி எங்களுக்கு இருந்திருக்கும்.

நேர்கோடு எழுதியது:

கொழுந்துக்கூடை எழுதியது வலிக்கிறது. நான் சொன்ன கணக்கில் சம்பளத்துக்கு இடமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் தாளடிக்கு ஒரு கேள்வி. எண்டோசல்பானில் கத்தியவர்கள் சரியாக இருந்தார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதே மாதிரிக் கத்தி 2015இல் இங்கே கிளைபோசேட் களைகொல்லியைத் தடை செய்தார்கள். வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோய்க்கு அதுதான் காரணம் என்றார்கள். காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். கத்துகிறவர்களில் யார் சரி, யார் தவறு என்று எப்படிப் பிரிப்பது?

பூவரசு (யாழ்ப்பாணம்) எழுதியது:

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யூரியா இல்லாத விவசாயம் எங்களுக்குப் புதிது இல்லை. 1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது வடக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டார்கள். வெடிமருந்துக்குப் பயன்படும் என்று பசளை தடை. பற்றரி தடை, பெற்றோல் தடை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் என்ன செய்தோம்? எங்கள் பாட்டன்மார் செய்ததைச் செய்தோம். பூவரசங்குழை வெட்டித் தாழ்த்தினோம். பழைய பனையோலையைக் கிடங்கில் போட்டு மூடினோம். ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தோட்டத்தில் பட்டி அடைத்தோம். வெங்காயமும் மரக்கறியும் விளைந்தது.

2021இல் தென்னிலங்கையிலிருந்து வந்த ஒருவர் இதை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். "யுத்த காலத்திலேயே வடக்கு மக்கள் இயற்கை முறையில் செய்து காட்டினார்கள்" என்று எங்கேயோ பேசியும் இருக்கிறார். நான் சொன்ன மிச்சத்தை அவர் சொல்லவில்லை. விளைச்சல் குறைந்தது. குழை வெட்டச் சனம் வேண்டும், அப்போது ஊரில் வேலையில்லாமல் சனம் இருந்தது. வேலியெல்லாம் பூவரசு நின்றது, இன்றைக்கு மதில் நிற்கிறது. ஒரு பரப்பு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) தோட்டத்துக்குச் செய்ததை இருபது ஏக்கர் வயலுக்குச் செய்ய முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் அதை விரும்பிச் செய்யவில்லை. வேறு வழி இல்லை.

நேர்கோடு தம்பி கேட்டதற்கு என் பதில் இது. கத்துகிறவர் தன் பேச்சுக்குப் பாதகமான பாதியையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் அவரோடு உட்கார்ந்து கதைக்கலாம். எனக்கு அதற்கு மேலே ஒரு அளவுகோல் தெரியாது.

வடலி (ரொறன்ரோ) எழுதியது:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்க்கிறேன். தமிழருக்கு முதலில் வேண்டியது அரசியல் தீர்வு. காணி, அதிகாரம், பாதுகாப்பு எதுவும் இல்லாமல் பசளைக்கும் சம்பளத்துக்கும் சண்டை பிடிப்பது, பெரிய பிரச்சினையை மறக்கடிக்கத்தான் உதவும். மாகாண சபைக்கு விவசாய அதிகாரம் முழுதாக இருந்திருந்தால் இந்தத் தடையை வடக்கு ஏற்றிருக்கவே வேண்டியதில்லை.

கமக்காரன் மகன் எழுதியது:

வடலி அண்ணா, கடைசி வசனத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் வயலுக்கு எப்போது என்ன போட வேண்டும் என்று கொழும்பில் ஒரு இரவில் முடிவாகிறது என்றால் அது அதிகாரப் பிரச்சினைதான். ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாடு எந்த மாகாணத்தின் கையிலும் இருந்திருக்காது, கப்பல் கொழும்புக்குத்தான் வருகிறது. அதோடு, தீர்வு வரும்வரை வயல் காத்திருக்காது. கதிர் வைக்கிற நேரத்தில் பயிர் மஞ்சளாக நின்றபோது எங்கள் பகுதி அரசியல்வாதி ஒருவரிடம் போனோம். அவரும் நீங்கள் சொன்னதைத்தான் சொன்னார். அடுத்த பாராளுமன்ற அமர்வில் பசளையைப் பற்றி ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். பெரிய பிரச்சினையைப் பேசுகிறவர் சின்னப் பிரச்சினையை எடுத்தால் பெரியது சிறுத்துப் போய்விடும் என்று ஏன் பயப்பட வேண்டும்?

இப்போது டொலர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இழையில் இன்னும் யாரும் அதைத் தொடவில்லை. 2019 கடைசியில் நாட்டின் வெளிநாட்டு நாணய இருப்பு சுமார் 760 கோடி டொலர். 2021 நவம்பரில் 160 கோடிக்கு வந்துவிட்டது. சுற்றுலா நின்றது, வரியைக் குறைத்தார்கள், கடன் தவணை கழுத்தை நெரித்தது. பசளை இறக்குமதிக்கு ஆண்டுக்குச் சுமார் 26 கோடி டொலர் போய்க்கொண்டிருந்தது. தடைக்கு இந்த டொலர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம் என்பதுதான் பலரின் கணிப்பு. எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் மேடையில் சொன்னது "நஞ்சற்ற உணவு", "எதிர்காலச் சந்ததி".

இதுதான் என் பெரிய ஆதங்கம். "டொலர் இல்லை, என்ன செய்யலாம்?" என்று நேராகக் கேட்டிருந்தால் அது தீர்க்கக்கூடிய கேள்வி. மண்ணைப் பரிசோதித்து, பொஸ்பரசு போதுமான அளவு சேர்ந்திருக்கிற வயல்களில் அதை ஒரு போகம் விடலாம். யூரியாவை அளந்து பங்கிடலாம். தேயிலை ஆண்டுக்கு 120 கோடி டொலருக்கு மேல் கொண்டுவருகிறது, அதற்கு முதலிடம் கொடுக்கலாம். கேள்வியை நஞ்சா அமுதா என்று மாற்றியதும் இந்த நடுவழிகள் எல்லாம் துரோகமாகிவிட்டன. சீனாவிலிருந்து இயற்கைப் பசளைக் கப்பல் வந்து, மாதிரியில் நோய்க்கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பி, வழக்காகி, கடைசியில் அறுபது இலட்சத்துக்கும் அதிகமான டொலரைக் கொடுத்தோம். பசளையும் வரவில்லை. பிறகு இந்தியாவிலிருந்து விமானத்தில் நானோ யூரியாத் திரவம் வந்தது. பிரச்சினைக்குச் சரியான பெயர் வைக்காததால் இவ்வளவு சுற்று.

தாளடி எழுதியது:

கமக்காரன் மகன் சொல்கிற இடத்தில் நானும் நிற்கிறேன். இயற்கை விவசாயத்தின் பெயரைச் சொல்லி டாலர் பற்றாக்குறையை மூடியிருந்தால், அது எங்களுக்கும் செய்த கெடுதல். இங்கே பக்கத்து வயல்காரரிடம் பேசப் போனால் "இலங்கையைப் பார்த்தீங்கல்ல" என்று முடித்துவிடுகிறார்.

சிறுநீரக நோயைப் பற்றி நேர்கோடு சொன்னதில் எனக்கு ஒரு கேள்வி. காரணம் உறுதியாகவில்லை என்றால் அங்கே ஒன்றுமே செய்யாமல் இருந்தார்களா?

நேர்கோடு எழுதியது:

இல்லை. காரணம் பூச்சிகொல்லியா, தண்ணீரிலுள்ள புளோரைடா, கடினத்தன்மையா, வெயிலில் உடல் வற்றுவதா என்று சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, கடற்படையும் ஊர் அமைப்புகளும் சேர்ந்து குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களை நூற்றுக்கணக்கில் அமைத்தார்கள். மதவாச்சி, பதவியா பக்கம் போனால் சனம் கான் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். எந்த அணி வென்றாலும் நல்ல தண்ணீர் தேவைதானே. காரணம் தெரியாமலே செய்யக்கூடிய காரியம் அது. ஆனால் ஒன்று, தண்ணீர் கொடுத்தாயிற்று என்று ஆராய்ச்சியை விட்டுவிடக் கூடாது.

பொது விவாதத்துக்கு என்ன வேலை என்று கேட்டேன். கொழுந்துக்கூடையும் பூவரசு ஐயாவும் எழுதியதற்குப் பிறகு அதை அப்படியே சொல்லமாட்டேன். கணக்கில் எந்த வரிகள் இருக்க வேண்டும் என்பதை நிபுணர் தனியாகத் தீர்மானிக்க முடியாது. கூட்டலைப் பிழையாகப் போட்டால் பிழை என்று சொல்லும் உரிமை மட்டும் அவருக்கு இருக்க வேண்டும். அதைச் சொன்னதற்காக அவரைப் பதவியிலிருந்து தூக்கக் கூடாது.

கொழுந்துக்கூடை எழுதியது:

தாளடி அண்ணா, உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். மாறுகிற காலத்தில் விளைச்சல் குறையும்தானே? அந்த நட்டத்தை யார் சுமப்பது? உங்களுக்குச் சொந்த நிலம் இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

தாளடி எழுதியது:

குறையும், தங்கச்சி. என் வயலில் முதல் மூன்று வருஷம் குறைந்தது, அப்புறம்தான் மெல்ல ஏறியது. இன்றும் மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல் போடுகிற துண்டில், பழைய ரசாயன விளைச்சல் அளவுக்கு மூட்டை வராது. நல்ல விலைக்கு வாங்க ஆள் இருப்பதால் கட்டுகிறது. அந்த மூன்று வருஷத்தை வீட்டிலிருந்த வேறு வருமானத்தில் ஓட்டினேன். கூலிக்குப் போகிறவர் அப்படி ஓட்ட முடியாது. அரசு ஒரு மாற்றத்தைக் கேட்டால் அந்த நட்டத்தை அரசுதான் கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம், ஏக்கருக்கு எவ்வளவு, கூலிக்காரருக்கு எவ்வளவு என்று தேர்தல் அறிக்கையிலேயே எழுத வேண்டும். அது இல்லாமல் வருகிற இயற்கைத் திட்டத்தை நானே எதிர்ப்பேன்.

கமக்காரன் மகனுக்கு: முழுதாக மாற வேண்டாம், யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்க விருப்பமா? நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச் செடி) ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூ எடுக்கிற சமயம் மடக்கி உழுதுவிடுங்கள். தழைச்சத்துக்கு (நைட்ரஜனுக்கு) நல்லது.

கமக்காரன் மகன் எழுதியது:

விருப்பம்தான். ஆனால் எங்களுக்கு நடவு இல்லை. பெரும்போகத்துக்கு முதல் மழையோடு புழுதியில் விதைத்துவிடுவோம். அதற்கு முன் 45 நாள் தக்கைப்பூண்டு வளர ஈரம் எங்கே? சிறுபோகத்தில் (கோடைப் பருவத்தில்) குளத்துத் தண்ணீர் கிடைக்காத பங்கு வயல்கள் சும்மாதான் கிடக்கின்றன, அங்கேயும் அதே ஈரப் பிரச்சினைதான்.

பூவரசு எழுதியது:

வரம்பிலும் வாய்க்கால் கரையிலும் சீமைக்கிளுவை நட்டுவிடு தம்பி. கோடையைத் தாங்கும், தடி வெட்டி ஊன்றினாலே வரும். விதைப்புக்கு முன் குழையை வெட்டிப் போட்டு உழலாம். ஆள்கூலிதான் இடிக்கும், அதனால் முதலில் ஒரு ஏக்கரில் மட்டும் செய். அந்த ஏக்கருக்கு யூரியாவைக் கால்வாசி குறைத்து, பக்கத்து ஏக்கருக்கு வழக்கம்போலப் போடு. அறுத்த பிறகு இரண்டு ஏக்கரின் மூடைக் கணக்கையும் கூலிக் கணக்கையும் இங்கே எழுது.

கமக்காரன் மகன் எழுதியது:

சரி ஐயா. தடி எங்கே எடுக்கலாம் என்று அப்பாவிடம் கேட்கிறேன். மண் பரிசோதனைக்கும் இந்தக் கிழமை மாதிரி கொடுக்கிறோம், முடிவு வந்ததும் போடுகிறேன். நேர்கோடு, அந்த அறிக்கையை வாசித்து, எதை எவ்வளவு குறைக்கலாம் என்று சொல்வீர்களா?

நேர்கோடு எழுதியது:

சொல்கிறேன். பொஸ்பரசு, பொட்டாசியம், சேதனப் பொருள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் அமிலத்தன்மையை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.